வோர்ட்டிசிசம் என்றால் என்ன? விண்டம் லூயிஸின் ஓவியத்துக்கும் நாவலுக்கும் ஒரு நுழைவாயில்

விண்டம் லூயிஸை (1882–1957) ஓவியர் என்று ஒரு கூட்டமும் நாவலாசிரியர் என்று இன்னொரு கூட்டமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஓவியம் பயில்பவர்கள் அவருடைய நாவல்களைத் தொடுவதில்லை. நாவல் வாசிப்பவர்கள் அவர் ஓவியங்களை அட்டைப்படமாகப் பார்ப்பதோடு சரி. இந்தப் பிரிவினையால்தான் லூயிஸ் புரியாதவராகவே இருக்கிறார். அவருடைய தூரிகையும் பேனாவும் ஒரே கொள்கையின்படி இயங்கியவை. 1914ல் லண்டனில் அந்தக் கொள்கைக்கு வோர்ட்டிசிசம் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர் கவிஞர் எஸ்ரா பவுண்ட்.

வோர்ட்டெக்ஸ் என்றால் நீர்ச்சுழல். பெயரைக் கேட்டதும் புதிதாக வருபவர்கள் வளைந்து வளைந்து சுழலும் கோடுகளைத் தேடுவார்கள். அப்படித் தேடினால் ஏமாற்றம்தான். வோர்ட்டிசிச ஓவியத்தில் பெரும்பாலும் நேர்க்கோடுகளும் கூர்முனைகளும் சாய்சதுரங்களும்தான் இருக்கும். லூயிஸுக்குச் சுழலின் விளிம்பில் அக்கறை இல்லை. அதன் நடுவில் அசையாமல் நிற்கும் புள்ளிதான் அவருக்கு முக்கியம். உச்ச வேகத்தில் சுற்றும் பம்பரத்தை ‘தூங்குகிறது’ என்போமே, அந்த நிலை. ஆற்றல் முழுவதும் உள்ளே இருக்கிறது, வெளியே ஓர் அசைவும் தெரியவில்லை. வோர்ட்டிசிஸ்ட் மிக அசைவற்று இருக்கும்போதுதான் மிகுந்த ஆற்றலோடு இருக்கிறான் என்று அவர்களுடைய ‘பிளாஸ்ட்’ இதழே சொன்னது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் அதிலிருந்து வரும்.

அண்டை வீடுகள் இரண்டு

எந்தக் கலை இயக்கத்தையும் அது யாரோடு சண்டை போட்டது என்று பார்த்தால் எளிதில் விளங்கும். லூயிஸ் சண்டை போடாத ஆள் கிடையாது. ஆனாலும் கொள்கை அளவில் முக்கியமான எதிரிகள் இருவர்: பாரிஸின் க்யூபிசம், மிலானின் ஃப்யூச்சரிசம்.

க்யூபிசம் பொருளை உடைத்துப் பல கோணங்களில் காட்டியது. அந்த வடிவக் கணக்கு லூயிஸுக்குப் பிடித்திருந்தது. அதில் வரைந்த பொருட்கள்தான் பிடிக்கவில்லை. கிடார், புட்டி, மேசை, பழத்தட்டு என்று பிக்காசோவின் கூட்டம் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, வெளியே இரும்பும் நகரமும் எழுந்து நிற்பது கண்ணில் படவில்லையா என்று கேட்டார்.

ஃப்யூச்சரிசத்தின் கோளாறு நேர் எதிரானது. அவர்களுக்கு இயந்திரம் தெரிந்தது, நகரம் தெரிந்தது. ஆனால் வேகத்தைக் கண்டு மயங்கிவிட்டார்கள். ஜியாகோமோ பாலா 1912ல் வரைந்த நாயை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். சங்கிலியில் நடக்கும் ஒரு குட்டை நாய். கால்களும் வாலும் விசிறிபோலப் பல மடங்காகியிருக்கும். அசைவைக் காட்ட விளிம்பைக் கலைத்துவிட்டார். லூயிஸுக்கு அது மங்கலான புகைப்படம். மோட்டார் வண்டியைக் கண்டு வாய்பிளப்பது தொழிற்சாலைகள் ஏறக்குறைய இல்லாத நாட்டுக்காரனின் வேலை, இங்கிலாந்துக்காரன் அதோடு பிறந்து வளர்ந்தவன் என்பது அவர் கிண்டல். இதில் கொஞ்சம் உண்மையும் நிறையத் திமிரும் உண்டு.

ஆக, க்யூபிசத்தின் வடிவ ஒழுங்கு, ஃப்யூச்சரிசத்தின் இயந்திர நகரம், இவை இரண்டுக்கும் மேல் கலையாத கெட்டியான விளிம்பு. மூன்றும் சேர்ந்தால் வோர்ட்டிசிசம்.

சண்டையில் பிறந்த இதழ்

வாழ்க்கைக் கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையருகே தந்தையின் உல்லாசப் படகில் பிறந்ததாகச் சொல்வார்கள். பெற்றோர் பிரிந்த பின் தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தார். 1898ல் லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் சேர்ந்து 1901ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு சில ஆண்டுகள் பாரிஸ், மூனிக், மாட்ரிட், பிரான்ஸின் பிரிட்டனி பகுதி என்று திரிந்தார். 1908ல் லண்டன் திரும்பினார். அடுத்த ஆண்டே கதைகள் அச்சில் வந்தன. அவர் முதலில் பெயர் வாங்கியது எழுத்தில்தான் என்பதை ஓவிய வரலாறுகள் சொல்ல மறந்துவிடுகின்றன.

1913ல் விமர்சகர் ரோஜர் ஃப்ரை நடத்திய ஒமேகா வொர்க்‌ஷாப்ஸில் சேர்ந்தார். நாற்காலி, திரைச்சீலை, தட்டு என வீட்டுப் பொருட்களுக்கு நவீன ஓவியர்கள் அலங்காரம் செய்து தரும் பட்டறை அது. ஒரு வீட்டுப்பொருள் கண்காட்சிக்கான அறை அலங்கார வேலையைத் தன்னிடமிருந்து ஃப்ரை தட்டிப் பறித்துவிட்டார் என்று குற்றம்சாட்டி, அந்த அக்டோபரிலேயே எட்வர்ட் வாட்ஸ்வொர்த் உள்ளிட்ட மூவரோடு வெளியேறினார். ஓவியர் கேட் லெச்மியர் பணம் போட, 1914 மார்ச்சில் கிரேட் ஆர்மண்ட் தெரு 38ஆம் எண் வீட்டில் ‘ரெபல் ஆர்ட் சென்டர்’ திறந்தார்கள். சில மாதங்களில் அது மூடப்பட்டது.

இடையில் ஃப்யூச்சரிசத் தலைவர் மரினெட்டி ஒரு காரியம் செய்தார். ஜூன் 1914ல் ஆங்கில ஓவியர் நெவின்சனோடு சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் லூயிஸையும் அவருடைய நண்பர்களையும் கேட்காமலேயே ஃப்யூச்சரிஸ்டுகள் பட்டியலில் சேர்த்துவிட்டார். முகவரியாக ரெபல் ஆர்ட் சென்டரையும் போட்டுக்கொண்டார்கள். லூயிஸ் கூட்டம் கொதித்துப்போய் மரினெட்டியின் அடுத்த சொற்பொழிவில் நுழைந்து கூச்சலிட்டது. நாங்கள் வேறு என்று சொல்ல ஒரு பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. வோர்ட்டிசிசம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

ஜூலை 1914 தொடக்கத்தில் ‘பிளாஸ்ட்’ முதல் இதழ் வந்தது. விலை இரண்டரை ஷில்லிங். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு அட்டை, அதன் மேல் மூலைக்கு மூலை சாய்வாக BLAST என்ற ஐந்து எழுத்துகள் தடித்த கறுப்பில். சிற்றிதழ் என்றால் ஒல்லியாக இருக்கும் என்று நினைப்போருக்கு இது சுவரொட்டிகளை அடுக்கித் தைத்தது போன்ற பெரிய அளவுப் புத்தகம்.

உள்ளே அறிக்கைப் பக்கங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இரண்டு வகைப் பட்டியல்: சபிக்கப்பட்டவை, வாழ்த்தப்பட்டவை. இங்கிலாந்தின் தட்பவெப்பத்துக்குச் சாபம். 1837 முதல் 1900 வரையிலான ஆண்டுகளுக்கு, அதாவது விக்டோரியா காலம் முழுவதற்கும், சாபம். மீன் எண்ணெய்க்குச் சாபம், விளக்கெண்ணெய்க்கு வாழ்த்து. இங்கிலாந்தின் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் வாழ்த்து. முடிதிருத்துபவருக்குத் தனி வாழ்த்து, ஏனென்றால் அவர் சிறு கூலிக்கு இயற்கை அன்னையைத் தாக்குகிறார். சிரிப்புக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்த முடிதிருத்துபவர் வரியில் கொள்கை முழுவதும் இருக்கிறது. தாறுமாறாக வளர்வது இயற்கை. வெட்டி விளிம்பு கட்டுவது கலை.

பக்க அமைப்பையும் கவனியுங்கள். விளம்பரத் தாளுக்குப் பயன்படும் தடித்த எழுத்துரு, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று அளவுகளில். சொற்களுக்கு நடுவே பெரிய வெற்றிடங்கள், செங்குத்துக் கோடுகள். வரியை ஓட்டமாக வாசிக்க விடாமல் சொல்லைக் கட்டியாக நிறுத்துகிறார்கள். லூயிஸ் பக்கத்தை ஓவியச் சட்டமாக நடத்தினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறிக்கையில் பதினொருவர் கையெழுத்து. லூயிஸ், பவுண்ட், சிற்பி கோதியே-பிரெஸ்கா, வாட்ஸ்வொர்த், வில்லியம் ராபர்ட்ஸ், ஹெலன் சாண்டர்ஸ், ஜெசிகா டிஸ்மோர் ஆகியோர் முக்கியமானவர்கள். ஒரு மாதத்தில் உலகப்போர். இரண்டாம் இதழ் ஜூலை 1915ல் போர் இதழாக வந்தது. டி.எஸ். எலியட்டின் கவிதைகள் அதில் இருந்தன. போர்முனைப் பதுங்குகுழியிலிருந்து கோதியே-பிரெஸ்கா எழுதி அனுப்பிய கட்டுரையும், ஜூன் 5 அன்று தம் 23ஆம் வயதில் அவர் கொல்லப்பட்ட செய்தியும் அதே இதழில் வந்தன. மூன்றாம் இதழ் வரவே இல்லை.

ஓர் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது

லண்டன் டேட் காட்சியகத்திலுள்ள ‘வொர்க்‌ஷாப்’ (சுமார் 1914–15) தொடக்கத்துக்கு ஏற்றது. சின்னப் படம், 76க்கு 61 சென்டிமீட்டர். டேட்டின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் தலைப்பை மறந்துவிடுங்கள். இது என்ன பொருள் என்று தேடத் தொடங்கினால் ஜன்னல், ஏணி, மாடிக்கட்டடம் என்று ஊகித்து ஓய்ந்துபோவீர்கள். அதற்குப் பதில் விளிம்புகளை மட்டும் பின்தொடருங்கள். கடுகு மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு, வெள்ளை என ஒவ்வொரு நிறமும் தன் கோட்டுக்குள் தட்டையாக நிற்கிறது, பக்கத்து நிறத்தோடு குழையவில்லை. அடுத்து, நேர் செங்குத்தான கோடு எங்கே என்று தேடுங்கள். கிட்டத்தட்ட எல்லாமே சில பாகை சாய்ந்திருக்கும். கட்டடம் என்றால் செங்குத்தை எதிர்பார்க்கும் கண் இங்கே தடுமாறுகிறது. படம் அதிர்வதுபோலத் தோன்றுவது இந்தச் சாய்வால்தான், அசைவுக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாவதாக, சாய்வுகள் எல்லாம் எங்கே நெருக்கிக்கொண்டு வருகின்றன, நெரிசலுக்கு நடுவில் எந்த நிறத்துண்டு அமைதியாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடம் பிடிபட்டால் வோர்ட்டெக்ஸ் பிடிபட்டது.

இதற்குப் பின் அதே காட்சியகத்தின் ‘தி க்ரவுட்’ (1914–15). இது இரண்டு மீட்டர் உயரம். மேலிருந்து கீழ்வரை கட்டங்களும் சட்டங்களுமாக ஒரு நகரம். முதல் பார்வையில் வெறும் வரைபடம் என்றே நினைப்பீர்கள். கட்டங்களுக்குள் குச்சிக் குச்சியாய் ஏதோ தெரியும். உற்றுப் பார்த்தால் அவை மனிதர்கள், கூட்டமாகத் திரண்டு நகர்கிறார்கள், கொடிகள் பிடித்திருக்கிறார்கள், அதில் ஒன்று பிரெஞ்சு மூவண்ணம். புரட்சிதான் நடக்கிறது. ஆனால் புரட்சிக்காரர்கள் கட்டடத்தின் உறுப்புகள் போலவே வரையப்பட்டிருக்கிறார்கள். கூட்டம் கட்டங்களை உடைக்கிறதா, கட்டங்கள் கூட்டத்தை இயக்குகின்றனவா? லூயிஸ் பதில் தருவதில்லை. இந்தக் கேள்வி பின்னால் அவர் நாவல்களில் மறுபடி மறுபடி வரும்.

செய்து பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். கட்டுமானம் நடக்கும் கட்டடம் ஒன்றின் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சாரம் கட்டியிருந்தால் நல்லது. தாளில் அதன் முக்கியக் கோடுகள் பத்துப் பன்னிரண்டை மட்டும் அளவுகோலால் இழுங்கள், ஒவ்வொன்றையும் ஐந்து முதல் பதினைந்து பாகை வரை சாய்த்து. கோடுகள் தாளின் ஓரத்தைத் தாண்டிப் போகட்டும். நான்கு நிறங்கள் போதும். நிழல் பூசக் கூடாது. நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு துண்டை வெறுமையாக விடுங்கள்.

மூன்று விதமாகக் கெடும். ஒரே கோட்டை அடுத்தடுத்து நகர்த்தி வரைந்தால் அசைவு வந்து ஃப்யூச்சரிசமாகிவிடும். பொருளை நடுவில் வைத்து அதைச் சுற்றி மட்டும் உடைத்தால், ஓரங்கள் சும்மா கிடந்து க்யூபிசப் பூச்சாடியாகும். சாய்வுகள் எல்லாம் ஒரே கோணத்தில், இருபுறமும் சமமாக அமைந்தால் புடவைக் கரைக் கோலம் மாதிரி வெறும் அலங்காரமாகும். மூன்றாவது தவறுதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் கை தானாகவே சமச்சீரை நாடும். கோணங்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும்.

பட்டறைக்கு வெளியேயும் இந்தக் கொள்கை வேலை செய்தது. ஜேக்கப் எப்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திடாதவர், ஆனால் இந்தக் கூட்டத்துக்கு மிக நெருக்கமானவர். பாறை துளைக்கும் நிஜ இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கி, அதன் மேல் இயந்திர மனிதன் ஒருவனைச் சாந்தில் செய்து உட்காரவைத்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, மேலுடலை மட்டும் உலோகத்தில் வார்த்தார். புகைப்படக்காரர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதனூடே படம் பிடித்து ‘வோர்ட்டோகிராஃப்’ செய்தார். வாட்ஸ்வொர்த் போர்க்காலத்தில், எதிரி நீர்மூழ்கிகள் கப்பலின் திசையைக் கணிக்க முடியாதபடி கோடு கோடாக வண்ணம் பூசும் பணியை மேற்பார்வை பார்த்தார். வோர்ட்டிசிசம் நிஜமாகவே ஒரு வேலைக்குப் பயன்பட்ட இடம் அதுதான்.

தொலைந்தவையும் ஒளிந்திருந்ததும்

இவ்வளவு பேசினாலும் பார்க்கக் கிடைக்கும் படங்கள் குறைவு. லூயிஸின் வோர்ட்டிசிசக் கால எண்ணெய் ஓவியங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சியிருக்கின்றன. ‘பிளான் ஆஃப் வார்’ போன்றவை ‘பிளாஸ்ட்’ இதழில் வந்த கறுப்பு வெள்ளைப் படமாக மட்டுமே இன்று இருக்கின்றன. இயக்கத்தின் பெண் ஓவியர்கள் நிலை இன்னும் மோசம். ஹெலன் சாண்டர்ஸின் வோர்ட்டிசிச எண்ணெய் ஓவியம் ஒன்றுகூட இல்லை என்றே நம்பப்பட்டது.

லூயிஸ் 1921 வாக்கில் ‘பிராக்ஸிடெல்லா’ என்றொரு பெரிய படம் வரைந்தார். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் திரைப்பட விமர்சகர் ஐரிஸ் பாரி. முகம் உலோகத் தகடு வளைத்ததுபோல இருக்கும். இப்போது லீட்ஸ் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பரப்பு காரணமின்றி மேடுபள்ளமாக இருந்தது, வண்ண வெடிப்புகளின் ஊடே பளிச்சென்ற சிவப்பு எட்டிப் பார்த்தது. லண்டன் கோர்ட்டால்ட் நிறுவன மாணவியர் இருவர் அதை எக்ஸ்-ரே முதலிய முறைகளில் ஆராய்ந்தார்கள். அடியில் இருந்தது சாண்டர்ஸின் ‘அட்லாண்டிக் சிட்டி’. ‘பிளாஸ்ட்’ இரண்டாம் இதழில் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்த அதே படம். முடிவு 2022ல் வெளியானது. தோழியின் ஓவியத்தின் மேல் லூயிஸ் தம் ஓவியத்தை வரைந்திருக்கிறார். புது ஓவியத்துணி வாங்கக் காசில்லாமலா, வேறு வன்மத்தாலா என்பது யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும், வில்லியம் ராபர்ட்ஸ் 1961–62ல் நினைவிலிருந்து வரைந்த குழுப் படத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆண்கள் உணவக மேசையைச் சுற்றி ‘பிளாஸ்ட்’ இதழோடு உட்கார்ந்திருக்கிறார்கள். டிஸ்மோரும் சாண்டர்ஸும் அப்போதுதான் வாசலில் நுழைகிறார்கள்.

போர் செய்த மாற்றம்

1916ல் லூயிஸ் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1917ல் பாஷன்டேல் போர்க்களத்தில் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் கனடா அரசின் திட்டத்துக்காகப் போர் ஓவியரானார். இயந்திரத்தை வாழ்த்திப் பாடியவர் அது மனிதர்களை என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்தார்.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ‘எ பாட்டரி ஷெல்டு’ (1919) இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் அகலம். ஒரே படத்தில் இரண்டு பாணிகள். வலப்புறம் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. வீரர்கள் பூச்சிபோலக் கோணல்மாணலாக மடங்கி ஓடுகிறார்கள். புகைகூட மரத்தில் செதுக்கியதுபோலக் கெட்டியாக எழுகிறது. இடப்புற ஓரத்தில் மூன்று பேர் இயல்பான பாணியில், பெரிதாக, சதையும் முகமுமாக நிற்கிறார்கள். ஒருவர் வாயில் புகைக்குழாய். பதற்றமே இல்லை. சுழலும் அசையாத நடுவும் என்ற பழைய கணக்குதான். ஆனால் 1914ல் வீரமாகத் தெரிந்த அந்த அசைவின்மை இங்கே வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் கணிப்பில் லூயிஸின் தலைசிறந்த படம் இதுதான், ‘தி க்ரவுட்’ கூட இதற்குப் பின்னால்தான்.

எழுத்தில் அதே கண்

லூயிஸ் நாவலை வெளியிலிருந்து எழுதினார். அவர் காலத்தின் ஜாய்ஸும் வூல்ஃபும் மனதுக்குள் இறங்கி நினைவோட்டத்தைப் பதிந்தபோது, இவர் தோலோடு நின்றுகொண்டார். மனதுக்குள் எல்லாம் குழைந்து ஓடும். தோலுக்குத்தான் விளிம்பு உண்டு. 1918ல் புத்தகமாக வந்த ‘டார்’ நாவலில் ஒரு பாத்திரம், கலைக்கு முதல் நிபந்தனை உயிரற்ற தன்மை என்கிறது. சுண்டிப் பார்த்தால் சத்தம் வரும் கெட்டித்தன்மையைத்தான் சொல்கிறார்.

அவருடைய நகைச்சுவைக் கோட்பாடும் இங்கிருந்தே வருகிறது. மனிதன் இயந்திரம்போல நடந்துகொண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது என்றார் தத்துவவாதி பெர்க்சன். லூயிஸ் அதைத் திருப்பிப் போட்டார். நாம் எல்லோரும் அடிப்படையில் பொருட்கள்தான். ஒரு பொருள் தன்னை மனிதன் என்று நினைத்துக்கொண்டு நடமாடுகிறதே, அதுதான் வேடிக்கை. ‘தி வைல்ட் பாடி’ (1927) கதைத் தொகுப்பில் இந்த விளக்கமே ஒரு கட்டுரையாக இருக்கிறது.

‘டார்’ நாவலில் ஓட்டோ க்ரைஸ்லர் என்ற ஜெர்மானியனைப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் தோற்றுப்போன ஓவியன். அவன் காதலித்த பெண்ணை அவனுடைய அப்பாவே கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அப்பா அனுப்பும் பணத்தில்தான் பிழைப்பு. ஒரு நடன விருந்துக்குப் போக வேண்டும், மாலைநேர உடை அடகில் இருக்கிறது. மீட்கக் கடன் கேட்டு அலைகிறான், கிடைக்கவில்லை. சாதாரண உடையிலேயே விருந்துக்குப் போய், அந்த அவமானத்தை மற்றவர்கள் மேல் அராஜகமாகக் காட்டுகிறான். இதில் எங்கேயும் அவன் மனம் வெதும்பினான் என்று லூயிஸ் கண்ணீர் விடுவதில்லை. அடகுச்சீட்டு, கோட்டு, கை கால்களின் விறைப்பு, அவ்வளவுதான். அங்கிருந்து பலாத்காரம், கோமாளித்தனமாகக் குழம்பிப்போகும் துப்பாக்கிச் சண்டை, ஒரு சாவு, தற்கொலை என்று நாவல் சரிகிறது. எதற்குச் சிரித்தோம் என்று வாசகருக்குக் குற்றவுணர்வு வரும்.

‘டார்’ வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 1918 வடிவமும் லூயிஸே திருத்திய 1928 வடிவமும் வேறு வேறு. 1918ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் வாக்கியங்களுக்கு இடையே சமக்குறி போன்ற இரட்டைக் கோடு போட்டிருப்பார், ‘பிளாஸ்ட்’ பக்கத்தின் மிச்சம் அது. 1928 பதிப்பு வாசிக்க இலகு. வோர்ட்டிசிசம் என்ன என்று அறிய வந்தவருக்கு 1918தான் சரி.

தவிர்க்க முடியாத ஒன்று

லூயிஸ் 1930 இறுதியில் பெர்லின் போனார். 1931ல் ‘ஹிட்லர்’ என்று ஒரு புத்தகம் போட்டார். ஹிட்லரை அமைதியை விரும்பும் மனிதர் என்று எழுதினார். ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் எழுதியது என்பது உண்மை. 1939ல் ‘தி ஹிட்லர் கல்ட்’ எழுதி நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தாலும் பழி தீராது. வெளியிலிருந்து மட்டுமே பார்ப்பேன் என்று சபதம் செய்த கண், தெருவில் நடந்த வன்முறையையும் பார்க்கத் தவறியது. அவரை விரும்புகிறவர்கள் இந்தப் புத்தகத்தை மறைப்பதும், வெறுப்பவர்கள் இதை மட்டுமே காட்டுவதும் வாடிக்கை. அவர் பெயர் கெட்டதும் வருமானம் சுருங்கியதும் இதிலிருந்துதான் முற்றின. போதாக்குறைக்கு 1932ல் வெளியான அவர் நூல்கள் இரண்டு, அவதூறு வழக்கு மிரட்டல்களால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

ஓவியத்திலும் தகராறு தீரவில்லை. 1938ல் எலியட்டை வரைந்த படத்தை ராயல் அகாதமி கண்காட்சிக்கு ஏற்க மறுத்தது. ஓவியர் அகஸ்டஸ் ஜான் அதை எதிர்த்து அகாதமியிலிருந்து விலகினார். அந்தப் படம் இன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறது.

எந்த வரிசையில் வாசிப்பது

வரிசை தவறினால் லூயிஸை முப்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவீர்கள். ‘தி வைல்ட் பாடி’ கதைகளில் இரண்டு மூன்றோடு தொடங்கலாம். பிரிட்டனியின் விடுதிக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் வரும் சிறிய கதைகள் அவை. அடுத்து ‘டார்’. அதன் பின் ‘தி ரிவெஞ்ச் ஃபார் லவ்’ (1937). உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஸ்பெயினும் லண்டனின் இடதுசாரி வட்டாரமும் களம். விக்டர் ஸ்டாம்ப் என்ற ஓவியனுக்குப் போலி வான் கோ படங்கள் தயாரிக்கும் வேலை கிடைக்கிறது. வான் கோவின் சுயசித்திரத்தைப் போலியாக வரைந்துகொண்டிருந்தவன், பொறுக்க மாட்டாமல் அதைக் காலால் உதைத்துக் கிழிக்கிறான். முடிவில் அவனும் அவன் துணைவி மார்கோவும் ஆயுதம் கடத்துவதாக நம்பி எல்லை தாண்டி ஓட்டும் காரின் ரகசிய அறையில் இருப்பவை செங்கற்கள். லூயிஸ் முதலில் வைத்த தலைப்பே ‘போலி அடித்தட்டுகள்’ என்ற பொருளில்தான் இருந்தது. அவர் நாவல்களில் மனிதர்கள் மேல் இரக்கம் தெரியும் முதல் நாவல் இது. மார்கோவை அவர் பொருளாகப் பார்க்கவில்லை.

‘செல்ஃப் கண்டெம்ட்’ (1954) அதற்குப் பின் வரட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லூயிஸும் மனைவியும் டொரண்டோவில் ஒரு விடுதி அறையில் காசில்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த விடுதியில் 1943ல் தீப்பிடித்தது. நாவலில் அது மொமாக்கோ என்ற கற்பனை நகரமாகிறது. பதவியைத் துறந்துவிட்டு வந்த வரலாற்றுப் பேராசிரியரும் மனைவியும் இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். விடுதி எரிகிறது, அணைக்க அடித்த தண்ணீர் கடுங்குளிரில் உறைந்து கட்டடத்தையே பனிக்கட்டி ஆக்குகிறது. நெருப்பு உள்ளே, அசையாத கட்டி வெளியே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வடிவம்.

இந்த நாவல் வெளியானபோது லூயிஸுக்குப் பார்வை இல்லை. மூளையடியில் பிட்யூட்டரி சுரப்பியருகே வளர்ந்த கட்டி பார்வை நரம்பை அழுத்திவிட்டது. ‘தி லிஸனர்’ வார இதழில் கலை விமர்சனம் எழுதிவந்தவர், இனி ஓவியங்களைப் பார்க்க முடியாததால் பத்தியை நிறுத்துவதாக 1951 மே மாதம் அங்கேயே அறிவித்தார். எழுதுவதை நிறுத்தவில்லை. ‘தி ஹியூமன் ஏஜ்’ வரிசையின் அடுத்த இரண்டு நாவல்கள் 1955ல் வந்தன. மறுவருடம் டேட் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. கண்காட்சியின் வாசகங்கள் மற்ற வோர்ட்டிசிஸ்டுகளை லூயிஸின் சீடர்களாகக் காட்டிவிட்டதாக வில்லியம் ராபர்ட்ஸ் கோபம் கொண்டு, கண்டனத் துண்டுநூல்கள் அச்சிட்டு விநியோகித்தார்.

‘தி ஏப்ஸ் ஆஃப் காட்’ (1930) மட்டும் கடைசியில். அறுநூற்றுச் சொச்சம் பக்கங்கள். லண்டனின் பணக்காரக் கலை ரசிகர்களைப் பெயர் மாற்றித் தோலுரிக்கும் கேலி. கேலிக்கு ஆளானவர்கள் யார் யார் என்று தெரியாத இன்றைய வாசகருக்கு அதில் பாதி விளங்காது. நூறு பக்கம் வாசித்து நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை. ஆனால் அந்த நூறு பக்கத்தில், வயதான சீமாட்டி ஒருத்தி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைக்கூட லூயிஸ் எவ்வளவு நேரம் வர்ணிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.